நூலகத்தில் ஒரு பாய் விரிப்போம்

செட்டிநாட்டு ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யார் யார் இருப்பார்கள் என்று உள்ளே போகாமலே சொல்லிவிடலாம். முன்மேசையில் நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டு நான்கைந்து பெரியவர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள். அலமாரி ஓரம், நாவல் மாற்றிப் போக வந்த ஒரு அம்மா. அவர் இடுப்பில் குழந்தை இருந்தால், அது அழத் தொடங்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறிவிடுவார். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நூலகத்தில் வேலை இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

அந்த வயதுக்காரர்களுக்கு நூலகத்தில் என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு. சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: வாரம் ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ, பாய் விரித்து, ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவராக உட்கார்ந்து, பாடி, பேசி, கடை வைத்து விளையாடி, ஒரே ஒரு படக்கதை படித்து, போகும்போது ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப் போவது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொது நூலகங்களுக்கு இது வாராந்தர வேலை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் தமிழிலேயே கதைநேரம் நடக்கிறது. நம் பக்கம் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் (2010) மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் (2023) குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் மூன்று வயதுக் குழந்தையைக் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு வாராவாரம் பஸ் ஏற்றிக் கொண்டுபோக யாராலும் ஆகாது. நடந்து போகிற தூரத்தில் இருப்பதுதான் அந்த வயதுக்கு நூலகம்.

அ, ஆ பிறகு வரட்டும்

சின்னக் குழந்தையைப் பார்த்ததும் உறவுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே, அ ஆ சொல்லு பாப்போம்." பன்னிரண்டையும் ஒப்பித்தால் கைதட்டு, திணறினால் பெற்றவளுக்குச் சங்கடம். ஒப்பிப்பதற்கு நினைவாற்றல் போதும். வாசிக்க அது மட்டும் போதாது. 'ஆ' என்ற வடிவத்தைக் கண் பார்த்து, அந்த ஒலிதான் 'ஆடு' என்ற சொல்லின் தலையில் நிற்கிறது என்று காது பிடித்து, காலையில் தெருவில் பார்த்த ஆடுதான் அது என்று மனசு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதில் எழுத்து ஒரு கண்ணி மட்டுமே. மற்றக் கண்ணிகள் பள்ளிக்கூடம் போகுமுன்பே பேச்சிலும் பாட்டிலும் விளையாட்டிலும் உருவாகின்றன.

சொல் அதில் முதல். காதில் விழாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அது வெறும் சத்தமாகவே நிற்கும். அடுத்தது ஒலி. பம்பரம் என்பதைப் பம்-ப-ரம் என்று மூன்று தட்டாகத் தட்டத் தெரிவது, அம்மாவும் அணிலும் அப்பளமும் ஒரே மாதிரி தொடங்குகின்றன என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் காதுக்குப் பயிற்சி. மோனையும் எதுகையும் புலவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். வாசிப்புக்கு அடித்தளம் என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஒலியுணர்வு அதுவேதான். நல்ல குழந்தைப் பாட்டில் அடிக்கு அடி கிடக்கிறது. பிறகு புத்தகத்தைக் கையாளும் பழக்கம்: எந்தப் பக்கம் மேல், எங்கிருந்து தொடங்குவது, படத்துக்குக் கீழே கறுப்பாக இருக்கிற கோடுகள்தான் அப்பத்தா வாயில் கதையாக வருகின்றன என்கிற கண்டுபிடிப்பு. கடைசியாகக் கை. பென்சில் பிடிக்குமுன் விரலுக்கு வலு வர வேண்டும். மண்ணும் மாவும் களிமண்ணும் அந்த வலுவைத் தரும்.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை அவசரப்படாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சேரும் முறை பிடிபட்டால் போதும். ஆனால் அந்த முறையில் சின்ன மூளையைத் திகைக்க வைக்கிற இடங்கள் பல. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, சொல்லும்போது எகரம் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் மெய்க்கு இரு பக்கமும் குறி. 'கு', 'து', 'பு' மூன்றிலும் ஒரே உகரம்தான், உருவம் மூன்று விதம். கன்னடக் குழந்தைகளை வைத்து சோனாலி நாக் செய்த ஆய்வுகள், எழுத்துகள் முழுவதும் கைவசமாவதற்குத் தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியிருக்கின்றன. தமிழும் அந்தக் குடும்பத்து எழுத்துமுறைதான். நான்கு வயதில் முடித்துவிட வேண்டும் என்று நெருக்கினால் மிஞ்சுவது புத்தகத்தின் மேல் கசப்பு.

அங்கன்வாடிகளுக்காகத் தமிழ்நாடு அரசு வகுத்த முன்பருவக் கல்வித் திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். நூலகம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அங்கே இல்லாத ஒன்றைச் சேர்த்தால் போதும். அந்த ஒன்று, பக்கத்தில் உட்காரும் பெரியவர்.

அமெரிக்கப் பொது நூலகச் சங்கமும் குழந்தைகள் நூலகப் பணிக்கான சங்கமும் சேர்ந்து நடத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2011-இல் அதைத் திருத்தி வெளியிட்டபோது ஐந்தே சொற்களில் அடக்கினார்கள்: பேசு, பாடு, படி, எழுது, விளையாடு. பார்வைக்கு இது குழந்தைக்குச் சொன்னதாகத் தெரியும். உண்மையில் பெற்றோருக்குச் சொன்னது. கணக்குப் பார்த்தால் ஏன் என்று புரியும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நூலகம் குழந்தையோடு இருக்கிறது; மீதி நேரமெல்லாம் வீடு. அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைக்கு எதையாவது புகட்டிவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கூட வந்தவர் பார்த்து, 'அட, இது நானே செய்யலாம் போலிருக்கே' என்று வீட்டுக்கு எடுத்துப்போனால் மீதி நேரமும் நம் கணக்கில் வரும்.

கூட வருகிறவர் யார்

செட்டிநாட்டில் அந்தப் பெரியவர் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான். அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். அம்மா வேலைக்குப் போயிருப்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது அப்பத்தாவோ ஆயாவோ ஐயாவோ. "எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி" என்று வாசலிலேயே தயங்குகிறவரும் இருப்பார். அவரை உள்ளே அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பதுதான் ஏற்பாட்டாளரின் முதல் வேலை.

ஏனென்றால் சரக்கு அவரிடம்தான் இருக்கிறது. உள்ளங்கையில் சோறு பிசைந்து, ஒவ்வொரு விரலுக்கும் பங்கு வைத்து, பிறகு நண்டும் நரியும் முழங்கை வழியாக ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுகிற விளையாட்டை எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றுத்தர வேண்டியதில்லை. மடியில் வைத்துச் சாய்ந்தாட்டுகிற பாட்டு, கை வீசுகிற பாட்டு, நிலாவைக் கூப்பிடுகிற பாட்டு, தாலாட்டு, விடுகதை எல்லாமே ஒலியும் சொல்லும் தாளமும் சேர்ந்த பயிற்சிதான். ஒவ்வொரு வாரமும் ஒரு ஆச்சியைப் பாட்டெடுத்துத் தரச் சொல்லுங்கள். பள்ளத்தூர் ஆச்சி பாடுவதும் தேவகோட்டை ஆச்சி பாடுவதும் வார்த்தையில் கொஞ்சம் வித்தியாசப்படும், வித்தியாசப்படட்டும். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. படத்தைப் பார்த்து அவர் வாய்க்கு வந்த கதையைச் சொன்னால் போதும். அச்சில் இருப்பதைப் படித்துக்காட்டுகிறவரைவிட அவர் கதை நீளமாகவும் ருசியாகவும் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

புத்தகம் என்றால் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917-இலேயே தொடங்கியது. 1919-இல் பாரதி அங்கே வந்திருக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான், அவர் மறைவுக்குப் பின் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படை. ஆனால் அவையெல்லாம் வளர்ந்தவர்கள் உலகம். குழந்தைகளுக்கென்று ஒருவர் செட்டிநாட்டிலிருந்தே கிளம்பினார்: ராயவரம் அழ. வள்ளியப்பா. 1922-இல் பிறந்தவர். சக்தி பத்திரிகையில் வேலை பார்த்து, பிறகு இந்தியன் வங்கியில் சேர்ந்து, வங்கி வேலையோடு வேலையாகக் குழந்தைகளுக்குப் பாட்டெழுதிக்கொண்டே இருந்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். பூஞ்சோலை, கோகுலம் இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார். 'மலரும் உள்ளம்' தொகுதிகள் இன்றும் பழைய நூலக அலமாரிகளில் இருக்கும். தேடி எடுத்துத் தூசி தட்டினால் ஒரு வருஷத்துக்கான பாட்டு கையில் வந்துவிடும். ஓசை நயத்தை வைத்துப் பார்த்தால், நம் குழந்தைகளுக்கு இறக்குமதிப் பாட்டு எதற்கு என்றே தோன்றும். இது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஆங்கிலப் பாட்டும் சேர்த்துக்கொள்ளலாம், குழந்தைகள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பாய் மீது ஒரு மணி நேரம்

கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் சாத்தியிருக்கும். காரைக்குடியில் திங்கட்கிழமை சந்தை. ஆகவே ஞாயிறு காலை பத்தரை மணி வசதி. குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வெயில் ஏறுமுன். எந்த நாள் என்பதைவிட, அறிவித்த நாளை மாற்றாமல் இருப்பது முக்கியம். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் வந்தால் இரண்டு பாயாகப் பிரித்துவிடுங்கள். நாளிதழ் படிப்பவர்களுக்கும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி, 'பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை சத்தம் இருக்கும்' என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் சண்டை வராது. வராந்தா இருந்தால் இன்னும் நல்லது.

வந்ததும் உட்கார வைத்துக் கதை தொடங்கக் கூடாது. ஒரே நேரத்தில் எல்லாரும் வரமாட்டார்கள். புது இடத்தில் குழந்தை முதலில் அம்மாவின் முந்தானைக்குள்தான் இருக்கும். முதல் இருபது நிமிடம் விளையாட்டுக்கே விட்டுவிடுங்கள்.

விளையாட்டில் நான் முதலில் பரிந்துரைப்பது சந்தைக் கடை. செட்டிநாட்டுக் கொட்டான்கள் நான்கைந்து கிடைத்தால் போதும். பனையோலையில் வண்ணம் ஏற்றிப் பின்னிய இந்தக் கூடைகள் புவிசார் குறியீடு பெற்றவை. கல்யாண வீட்டில் வந்தது ஒன்றிரண்டு எந்த வீட்டிலும் பரண்மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு காய்: கத்தரிக்காய், வெண்டைக்காய், வாழைக்காய், எலுமிச்சம்பழம். ஒவ்வொரு கொட்டான் முன்னாலும் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, காயின் படமும் கீழே பெயரும் பெரிய எழுத்தில். பெட்டிக்கடைத் தராசு ஒன்று கிடைத்தால் அமர்க்களம். ஒரு குழந்தை கடைக்காரர். இன்னொன்று சாமான் வாங்க வருகிறது. வருகிறவர் கையில் சீட்டும் பென்சிலும் கொடுங்கள்: "என்னென்ன வாங்கணும்னு எழுதிக்கிட்டு வா."

மூன்று வயதுக்காரி என்ன எழுதுவாள்? நான்கு நெளிவு, இரண்டு சுழி. கேட்டால் "வெண்டிக்காய், அப்புறம் மிட்டாய்" என்று வாசித்தும் காட்டுவாள். அதைத் திருத்தக் கூடாது. எழுதினால் அது ஒரு பொருளைக் குறிக்கும், எழுதியதை அப்புறம் படிக்கலாம் என்ற பெரிய விஷயம் அந்த நெளிவுக்குள் வந்துவிட்டது. நாலரை வயதுக்காரன் அட்டையைப் பார்த்து 'க' மட்டும் போட்டு மீதியை நெளிப்பான். ஐந்து வயது தாண்டியவள் முழுச்சொல்லையும் பார்த்தே எழுதுவாள். ஒரே கடையில் மூவருக்கும் வேலை இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஐயாவின் வேலை வாடிக்கையாளர் ஆவது: "கத்தரிக்காய் பிஞ்சா இருக்கா? கிலோ என்ன விலை? ரொம்பச் சொல்றியே!" என்று பேரம் பேசினால் குழந்தை பதிலுக்குப் பேசும். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தக் கடையே.

அடுத்த வாரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ். முன்னால் ஒரு பலகை: காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை. எழுத்துத் தெரியாத பிள்ளையும் தன் ஊர்ப் பெயரை அதன் உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடும். தினமும் பார்க்கிற பஸ் பலகையும் பிஸ்கட் உறையும் கடைப் பெயரும்தான் குழந்தை படிக்கிற முதல் பாடநூல். நடத்துநருக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை. இன்னொரு வாரம் மெஸ்: சொப்புச் சாமான்கள், கையெழுத்தில் ஒரு விலைப் பட்டியல், ஆர்டர் எழுத ஒரு சின்ன நோட்டு. பணியாரம் எத்தனை, சட்னி காரமா என்று கேட்டு எழுதிக்கொள்கிற ஆளுக்கு மவுசு அதிகம். முறை வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எழுத்தைத் தொட்டுப் பழக வேண்டும் என்றால் தட்டில் மணல் அல்லது கோலப்பொடி. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிற வழக்கம் தெரியாத வீடு இல்லை. அதை ஆண்டுக்கு ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம். கோலம் போடுகிற அம்மா ஒருவர் நான்கு புள்ளி வைத்துச் சுற்றிக் காட்டினால், எழுத்துக்குத் தேவையான வளைவும் கோடும் கையில் படிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினால், விரலால் தடவி உருவத்தை உணரலாம். மரியா மாண்டிசோரி கையாண்ட முறை இது. 1939-இல் சென்னை வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர் அவர். எந்த எழுத்தில் தொடங்குவது? அகர வரிசை பார்க்காமல், குழந்தையின் பெயரில் வருகிற முதல் எழுத்தில் தொடங்குங்கள். மற்றபடி கைக்கு எளிது ட, ப, ம.

எச்சரிக்கை ஒன்று. சோழி, புளியங்கொட்டை, குன்றிமணி இவையெல்லாம் பல்லாங்குழிக்கு அழகு. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும். குன்றிமணி விஷம் வேறு. அந்த வயதுப் பிள்ளைகள் வருகிற இடத்தில் இவை வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்கத்தில் எவ்வளவு பேசலாம்

விளையாட்டு முடிந்து இரண்டு பாட்டு. பிறகு புத்தகம், ஒன்றே ஒன்று. பத்து நிமிடம் தாண்டாமல்.

குழந்தைக்குப் புத்தகம் படித்துக்காட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெரியவர் வாசிக்க, குழந்தை கேட்பது. மற்றது, குழந்தையைச் சொல்ல வைத்து, பெரியவர் கேட்பவராக மாறுவது. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டாவது முறையில் பெற்றோர் ஒரு மாதம் படித்துக்காட்டிய குழந்தைகளின் பேச்சு, வழக்கமான முறையில் கேட்ட குழந்தைகளுடையதைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தது என்று கண்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். முறை எளிது: கேள், பதிலைப் பாராட்டு, அதில் ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல், குழந்தையையும் அதைச் சொல்ல வை.

நம் ஊர் வாயில் இது எப்படி இருக்கும்? ஒரு பக்கத்தில் மழை பெய்கிற முற்றம். பூனை ஒன்று தூணோரம் ஒண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரே வரி: பூனை நனைந்துவிட்டது.

ஆயா கேட்கிறார்: "இங்க என்ன நடக்குது ராசா?"

"பூன."

"ஆமா, பூனை. ஈரமான பூனை. ஏன் ஈரமாச்சு?"

"மழ."

"ஆமாய்யா, மழை பேயுது, பூனை நனஞ்சு போச்சு. நீ சொல்லு, பூனைக்கு என்னாச்சு?"

"பூன நனஞ்சு போச்சு."

"நம்ம வீட்டு வளவுல மழை பேஞ்சப்ப நீ என்ன செஞ்சே?"

இங்கே குழந்தை நிறுத்தாது. கப்பல் விட்டது, வழுக்கி விழுந்தது, அத்தை திட்டியது எல்லாம் வரும். அச்சில் இருந்தது ஒரு வரி. பேச்சு ஐந்து நிமிடம். ஒற்றைச் சொல்லில் தொடங்கிய பிள்ளை முழு வாக்கியத்துக்கு வந்துவிட்டது. கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, புத்தகத்திலிருந்து வீட்டுக்கு இழுத்து வருவது. ஏற்பாட்டாளர் முதலில் இரண்டு பக்கம் இப்படி எல்லார் முன்னாலும் செய்து காட்டிவிட்டு, மீதியை ஒவ்வொரு பெரியவரும் தன் பிள்ளையோடு செய்யட்டும் என்று விட்டுவிட வேண்டும். பத்து ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடையாகத்தான் இருக்கும். அன்றைக்கு நூலகம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே புத்தகத்தை அடுத்த வாரமும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் தடவை கதை தெரியும். மூன்றாம் தடவை சொற்களைக் கவனிக்கும். அதற்கப்புறம் நீங்கள் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் பிடித்துவிடும்.

பொன்னாடை வேண்டாம்

நம் ஊரில் எதைத் தொடங்கினாலும் மேடை முளைத்துவிடுகிறது. குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வரவேற்புரை, மைக்செட் சரிபார்ப்பு எல்லாம் முடிவதற்குள் மூன்று வயதுக் குழந்தை தூங்கிவிடும். இந்த ஒரு நிகழ்ச்சிக்கு அவை வேண்டாம். மாறுவேடப் போட்டி, ஒப்புவித்தல் போட்டி, முதல் பரிசு, ஆறுதல் பரிசு எதுவும் வேண்டாம். ஒரு குழந்தை ஜெயித்தால் பதினோரு குழந்தை தோற்கிறது. தோற்ற வீடு அடுத்த வாரம் வராது. பயிற்சித்தாள் கொடுத்துப் புள்ளியை இணைக்கச் சொல்வதும் வேண்டாம், அது எல்கேஜியில் தாராளமாகக் கிடைக்கிறது. படம் எடுத்துக் குழுவில் போடுவதாக இருந்தால் பெற்றோரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

உட்கார மாட்டேன் என்று ஓடுகிற பிள்ளை எப்போதும் ஒன்று இருக்கும். ஓடட்டும். ஓடிக்கொண்டே கேட்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையின் பெரியவர் வெட்கப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் பொறுப்பு. பேச்சு இன்னும் வராத குழந்தை, காது சரியாகக் கேட்காத குழந்தை வந்தால் முன்னால் இடம் கொடுங்கள். வாராவாரம் பார்க்கும்போது ஏதாவது தயக்கம் தோன்றினால் அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டச் சொல்லலாம். நீங்களே நோயின் பெயர் சொல்லாதீர்கள்.

யாரைக் கேட்பது, என்ன செலவு

நூலகர் பல இடங்களில் ஒற்றை ஆள். அவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டினால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். வாசகர் வட்டம் இருக்கிற ஊரில் அதை முன்னால் நிறுத்துங்கள். இல்லாத ஊரில் இதைச் சாக்காக வைத்துத் தொடங்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இல்லாத தெரு செட்டிநாட்டில் இல்லை. காரைக்குடியில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் கிடைப்பார்கள். பக்கத்து அங்கன்வாடிப் பணியாளரை முதலிலேயே கலந்துகொள்வது நல்லது; எந்த வீட்டில் எந்த வயதுப் பிள்ளை என்பது அவருக்கு மனப்பாடம். கிளை நூலகத்தில் தொடர்ந்து நடத்துவதாக இருந்தால் சிவகங்கையில் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக நடப்பது நூலகர் மாறுகிற நாளில் நின்றுபோகும்.

பணம் பெரிய விஷயமில்லை. இரண்டு பாய், அட்டை, பசை, உப்புத்தாள், மணல். சாமான்களை ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தால் காணாமல் போகாது. புத்தகத்துக்குத்தான் கொஞ்சம் செலவு. ஆயிரம் ரூபாய் கட்டி நூலகத்துக்குப் புரவலராகிற ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது; பேரனுக்குக் காதுகுத்து நடத்துகிற வீடுகளில் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி. அதன்படி வீட்டுவரியோடு நாம் நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம், குழந்தை இருக்கிற வீடும்தான். ஆகவே குழந்தைக்கு ஒரு அலமாரி கேட்பது சலுகை கேட்பதாகாது.

என்ன புத்தகம் என்றால், நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் குழந்தை நூல்கள் எல்லாம் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். அவை பொது உரிமத்தில் இருப்பதால் தரவிறக்கி அச்சிட்டுத் தைத்துக்கொள்ளவும் தடையில்லை. தேர்வு செய்யும்போது ஒரு பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நீதி சொல்லி முடிகிற கதைகளையும் நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். நாலு வயதில் சிரிப்பு வந்தால் போதும்.

கடைசி ஐந்து நிமிடம் புத்தகம் எடுத்துப் போகும் நேரம். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் நடத்தியும் பயனில்லை. இங்கேதான் பல நூலகங்கள் தயங்குகின்றன: பிள்ளை கிழித்துவிடும், கிறுக்கிவிடும், பாலைக் கொட்டிவிடும். கிழிக்கும்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பெட்டியில் ஒரு செலோடேப் உருளை வையுங்கள். கிழிந்து திரும்புகிற புத்தகத்தைக் குழந்தையை வைத்தே ஒட்டச் சொல்லுங்கள். அபராதம் என்ற சொல்லை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அப்பத்தா ஒரு தடவை பயந்தால் பிறகு அந்த வீட்டுக்குப் புத்தகம் போகாது. இந்தச் சின்னப் புத்தகங்களுக்குத் தனி நோட்டு ஒன்று போட்டு, ஆண்டுக்கு இத்தனை தேயும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் தணிக்கையிலும் தொல்லை இருக்காது.

பலன் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எத்தனை எழுத்துத் தெரியும் என்று எண்ணிப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு மாதம் கழித்துப் பாருங்கள்: புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்த பிள்ளை நேராகப் பிடிக்கிறதா, தானாகப் பக்கம் புரட்டிக் கதை சொல்லிக்கொள்கிறதா, அலமாரியில் தன் புத்தகத்தைத் தானே தேடுகிறதா. நூலகர் பார்க்க வேண்டியது கடன் பதிவேட்டை. ஒரே வீடு தொடர்ந்து எடுக்கிறதென்றால் வேலை நடக்கிறது.

இடையில் சில வாரம் இரண்டே குழந்தைகள் வருவார்கள். கல்யாண முகூர்த்த நாள்கள், பங்குனியில் குன்றக்குடி, வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழா என்று ஊரே வேறு பக்கம் போகும். இரண்டு குழந்தைக்கும் பாய் விரிக்க வேண்டியதுதான். மே மாதம் தலைகீழாக இருக்கும். சிங்கப்பூர், கோலாலம்பூர், சென்னை என்று வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கி, பெரிய வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழ் புரியும், பேச வராது என்கிற பிள்ளைகள் அவர்களில் பலர். அவர்களுக்கென்று தனி ஆங்கிலக் கூட்டம் வைக்காமல் சந்தைக் கடையில் கல்லாவில் உட்கார வையுங்கள். உள்ளூர்ப் பிள்ளை வெண்டைக்காய் விலையை மூன்று தடவை கேட்டால், நாலாவது தடவை தமிழில் பதில் வரும். கிளம்புகிற அன்று அவர்கள் எடுத்துப்போன புத்தகம் விமானம் ஏறிவிடாமல் மட்டும் ஆயாவிடம் சொல்லி வையுங்கள்.